கரையில் நின்ற பிள்ளை

சீகாழிப் பதியில் பிரம்ம தீர்த்தக் கரையில் நிகழ்ந்ததை அறியாத அன்பர் இலர். மூன்று வயதுப் பிள்ளை. தந்தையார் சிவபாத இருதயர் நீராடப் புறப்பட்டபோது, தானும் வருவேன் என்று அழுது உடன் சென்றது. பிள்ளையைக் கரையில் இருத்திவிட்டு அவர் நீரில் மூழ்கி மந்திரம் செபித்தார். அது சிறிது நேரந்தான். ஆனால் கரையில் நின்ற பிள்ளை நீரைப் பார்த்தது, தந்தையைக் காணவில்லை. கண்கள் நிறைந்தன. திருத்தோணிச் சிகரத்தை நோக்கி அம்மையையும் அப்பனையும் அழைத்து அழுதது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் எல்லோரும் பொற்கிண்ணத்துக்கும் ஞானப்பாலுக்கும் விரைந்து போய்விடுகிறோம். இந்த வாரம் அந்த அழுகையினிடத்திலேயே சற்று நிற்கலாம் என்று தோன்றுகிறது. சேக்கிழார் பெருமான் அந்தப் பிள்ளையைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'இதற்கெல்லாம் அழலாமா?' என்று அங்கே எவரும் கேட்கவில்லை. பெற்றவர் கண்ணில் படாதபோது பிள்ளை அழுவது இயல்பு என்றே கொண்டு மேலே செல்கிறார். அழுகையைக் கேட்டு அம்மையும் அப்பனும் வந்தார்கள்.

வரமுடியாத தொலைவில் பெற்றவர் இருந்தால் என்ன ஆகும்? குன்றாண்டார்கோவிலில் ஒரு பிரதோஷ மாலையில் இக்கேள்வி எனக்குள் எழுந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர்ப் பக்கம் உள்ள இவ்வூரில், பாறைக் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், சிவபெருமானுக்கு எடுத்த குடைவரை இருக்கிறது. பர்வதகிரீஸ்வரர் என்பது சுவாமியின் திருநாமம். பிற்காலத்தில் எழுந்த முன்மண்டபத்தைக் குதிரைகள் இழுக்கும் தேராகவே கல்லில் சமைத்திருக்கிறார்கள். சக்கரமும் உண்டு, பாயும் குதிரையும் உண்டு. அந்த மண்டபத்து நிழலில் அன்று அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்த மூதாட்டியர். அவர்கள் மடியிலும் முந்தானையிலும் பேரப்பிள்ளைகள். இடைப்பட்ட வயதினர், அதிலும் ஆண்கள், விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தனர்.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது ஒரு மூதாட்டி தம் மகன் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் நினைவுக்கு வருவதற்குள், இடுப்பளவு உயரமிருந்த பேத்தி முந்திக்கொண்டு, "எங்க அப்பா பூராடம்" என்றாள். தந்தை வளைகுடா நாட்டில் கட்டட வேலையில் இருக்கிறாராம். மூன்று ஆண்டுகளாக அவள் அவரைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறாள். தந்தையின் நட்சத்திரம் அவளுக்குப் பாடம், தந்தையின் கை எப்படியிருக்கும் என்பது தெரியாது. "அழவே மாட்டா, ரொம்ப சமத்து" என்று அப்பத்தா பெருமையோடு சொன்னார்.

அந்தச் சமத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

புதுக்கோட்டைச் சீமைக்குப் பிரிவு புதிதன்று. வானம் பார்த்த நிலம். கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் பயணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளோடு புதுக்கோட்டையிலிருந்தும் கங்காணிமார் வழியே மக்கள் கடல் கடந்தார்கள். காப்பிக் காலத்தில் போனவர்களில் பலர் ஆண்கள். பருவத்திற்குப் போய், ஊர் அறுவடைக்குத் திரும்ப முயன்றவர்கள். மன்னாரிலிருந்து மலைநாடு வரை காட்டுவழியே நடக்கையில் மாண்டவர்கள் ஏராளம். ஊரில் இருந்த பிள்ளைக்கு அப்பா திரும்பவில்லை என்ற செய்திகூட வந்து சேராத வீடுகள் இருந்திருக்கும். தேயிலைக் காலத்தில் குடும்பமாகப் போனார்கள். அங்கே வேரூன்றிய பின், 1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. ஒரே குடும்பத்தில் சிலர் இந்தக் கணக்கிலும் சிலர் அந்தக் கணக்கிலும் விழுந்தார்கள். தாயகம் திரும்புவோரை ஏற்றிக்கொண்டு மலைநாட்டிலிருந்து இறங்கிய ரயிலுக்கு அந்த மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. எந்த அரசாங்கக் குறிப்பும் சொல்லாததை அந்த இரண்டு சொற்கள் சொல்லிவிடுகின்றன.

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் வளைகுடா நாடுகள் அழைத்தன. சிங்கப்பூரும் மலேசியாவும் முன்பிருந்தே அழைத்துக்கொண்டிருந்தன. 2015-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் எனக் கணக்கிட்டது. திருப்பூருக்கும் சென்னைக்கும் கணவனும் மனைவியுமாகப் போய், பிள்ளையை ஊரில் விட்டிருப்போர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் அப்படி ஊரில் விடப்பட்ட பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. அவர்களை விட்டுச் சென்ற பெற்றோர் இன்று எழுபதைத் தாண்டி, இந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். மாதம் ஒரு வான்தபால். ஊர் திரும்பும் யாரிடமாவது கொடுத்தனுப்பும் ஒலிநாடா, அதில் ஒருபக்கம் முழுவதும் பேச்சு. பிள்ளை அதை ஓடவிட்டுக் கேட்கும். ஆனால் நாடா எதற்கும் பதில் சொல்லாது. பிறகு தொலைபேசிச் சாவடி வந்தது. அங்கே நிமிடத்துக்கு நிமிடம் எண் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்தபடியே பிள்ளை, "நல்லாயிருக்கேன்பா, நல்லாப் படிக்கிறேன்பா" என்று சொல்லி ஒலிவாங்கியை அப்பத்தாவிடம் கொடுத்துவிடும்.

பிள்ளை அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டது. கேட்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது, அழக் கூடாது. அழுதால் அப்பா அங்கே சாப்பிட மாட்டார் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1952-இல் ஜேம்ஸ் இராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கியதைப் பற்றியது. அந்நாளில் அங்கே பெற்றோரைக் குழந்தையோடு இருக்கவிடமாட்டார்கள். குழந்தை பெரிதாக அழவில்லை. செவிலியருக்கெல்லாம் அது நல்ல குழந்தை. தாய் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இராபர்ட்சனும் அவரோடு பணியாற்றிய ஜான் பௌல்பி என்னும் மனநல மருத்துவரும் பிரிவுத் துயருக்கு மூன்று படிகள் உண்டு என்றனர். முதலில் பிள்ளை அரற்றும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். மூன்றாவதாக, எதுவும் நடவாதது போல் விளையாடும், சாப்பிடும், எல்லோரிடமும் சிரிக்கும். பெரியவர்களை ஏமாற்றுவது இந்த மூன்றாம் படிதான். 'பழகிவிட்டான்' என்று நாம் நிம்மதி கொள்கிறோம். உள்ளே அந்தப் பிள்ளை ஒரு கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனையில் எட்டு நாளுக்கு இப்படியென்றால், ஐந்து ஆண்டு, பத்து ஆண்டுக்கு எப்படி? இதைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 2018-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில், பிழைப்பிற்காகப் பெற்றோர் பிரிந்துபோன பிள்ளைகளைப் பற்றிய 111 ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை வெளிவந்தது. அவற்றுள் பெரும்பாலானவை சீனத்தில், கிராமத்துப் பெற்றோர் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போனதால் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியவை. அப்பிள்ளைகளிடம் மனச்சோர்வும் கவலையும் மற்றப் பிள்ளைகளைவிட மிகுந்திருந்தன என்பது அதன் முடிவு. ஆனால் எங்கும் ஒரே நிலை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தென்கிழக்காசிய நாடுகளில் நடந்த இன்னோர் ஆய்வில், இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் தந்தையைப் பிரிந்த பிள்ளைகள் துன்புற்றது தெரிந்தது. பிலிப்பைன்ஸில் அப்படித் தெரியவில்லை. பிரிவு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை. பிள்ளையைச் சுற்றி எஞ்சியிருந்தவர்கள் யார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மேலும், வெளிநாட்டுப் பணம் வந்திராவிட்டால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பள்ளிப் படியையே மிதித்திருக்க மாட்டார்கள். அந்தப் பணத்தை ஏளனமாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. வெயிலில் நின்று ஈட்டிய பணம் அது.

அந்தச் சமத்துப் பிள்ளை நாற்பது வயதில் எப்படியிருக்கும்? எனக்குத் தெரிந்த பலரை நினைத்துப் பார்க்கிறேன். பொறுப்பானவர்கள். எவரிடமும் எதையும் கேளாதவர்கள். காய்ச்சலில் கிடந்தாலும் மனைவியிடம் ஒரு குவளை வெந்நீர் கேட்கத் தெரியாது. தாமே எழுந்துபோய் வைத்துக்கொள்வார்கள். சண்டை வந்தால் சத்தம் போடமாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். மனைவியோ கணவனோ வீடு திரும்ப அரைமணி நேரம் தாமதமானால் வயிறு கலங்கும்; அதைச் சொல்லவும் மாட்டார்கள். சிலர் தம் பிள்ளையைப் பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட அனுப்ப மறுப்பார்கள். பதவி உயர்வோடு வெளியூர் மாற்றம் வந்தால் பதவி உயர்வையே வேண்டாம் என்று விட்டவர் ஒருவரை அறிவேன். அன்பை எப்படிக் காட்டுவது என்றால் அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே: பணம் அனுப்புவது. அப்படித்தான் அவர்களுக்கும் அன்பு வந்து சேர்ந்தது.

இன்று முதிய பெற்றோர் பலர் சொல்லும் குறை இதுதான். "மருந்துக்குக் குறைவில்லை, மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். ஆனால் அருகில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசமாட்டான்." நன்றியில்லை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. தொலைபேசிச் சாவடியில் ஒலிவாங்கியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற அதே பிள்ளை இன்னும் அங்கேயே நிற்கிறது.

ஸ்ரீமத் பாகவதத்தில் கம்சவதம் முடிந்தபின் ஓர் இடம் வருகிறது. உபந்யாசங்களில் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் இடம். சிறையிலிருந்து பெற்றோரை விடுவித்த கண்ணனும் பலராமனும் அவர்கள் காலில் விழுந்து வணங்குகிறார்கள். எத்தனை ஆண்டு ஏங்கிய தாய் தந்தையர்! ஓடிவந்து தழுவியிருக்க வேண்டாமா? தழுவவில்லை. இவர்கள் உலகத்துக்கு இறைவர் என்ற தயக்கத்தில், தேவகியும் வசுதேவரும் கைகூப்பி நிற்கிறார்கள். இறைவன் என்றறிந்ததால் வந்த தயக்கம் என்று பாகவதம் காரணம் சொல்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பத்து ஆண்டு கழித்து விமான நிலையத்தில் மீசை முளைத்த மகனைக் கண்டு, தொடலாமா கூடாதா என்று கை பாதி வழியில் நின்றுபோன தந்தையருக்கு அந்தக் காட்சி இன்னொரு விதமாகவும் விளங்கும்.

அப்போது கண்ணன் பேசுகிறான். எங்கள் குழந்தைப் பருவமும் இளமையும் உங்களுக்குக் கிட்டவில்லை; பெற்றோர் வீட்டில் சீராட்டப்பட்டு வளரும் இன்பம் எங்களுக்கும் கிட்டவில்லை, விதி அப்படி அமைந்தது என்னும் பொருள்படச் சொல்கிறான். இரு பக்க இழப்பையும் ஒளிக்காமல் எடுத்து வைக்கிறான். எவரையும் பழிக்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்று மழுப்பவும் இல்லை. அதைக் கேட்ட பிறகே அவர்கள் பிள்ளைகளை மடியில் ஏற்றித் தழுவிக் கண்ணீர் விடுகிறார்கள். தேவகி இழந்தது எவ்வளவு என்பதைக் குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் அவள் புலம்பலாகவே பாடியிருக்கிறார். தாலாட்டும் மழலையும் யசோதைக்கே போயினவே என்று ஏங்கும் தாய் அவள்.

கர்ணனுக்கு அந்தப் பேச்சு வாய்க்கவில்லை. அதிரதனும் ராதையும் அவனை அன்பில் குறைவைத்து வளர்க்கவில்லை. ஆனால் ஏன் விடப்பட்டோம் என்பதைப் பெற்றவள் வாயால் அவன் கேட்டது போருக்கு முன்னர், கங்கைக்கரையில், அதுவும் அவனிடம் அவளுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்த நேரத்தில். அத்தனை தாமதமாக வந்த உண்மையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்ய முடியும்?

ஆகவே, பிள்ளையை விட்டுப் போயிருந்த பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் வீட்டில் கண்ணன் முதலில் பேசுவான் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே தொடங்கலாம். ஏன் போனோம், எவ்வளவு கடன் இருந்தது, அங்கே எந்த அறையில் எத்தனை பேர் படுத்தோம், அவன் பிறந்தநாளன்று என்ன செய்தோம் என்பதையெல்லாம் சொல்லலாம். 'உனக்காகத்தானே போனேன்' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்கும் பிள்ளைக்குத் தன் ஏக்கமே ஒரு குற்றம்போல் ஆகிவிடும். 'நீ அழுதாயா?' என்று கேளுங்கள். ஐம்பது வயது மகனிடம் கேட்கும் கேள்வியா இது என்று தோன்றும். கேட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்று பேரப்பிள்ளையை வளர்க்கும் அப்பத்தாக்களுக்கும் அம்மாயிகளுக்கும் ஐயாக்களுக்கும் வேறொன்று சொல்லவேண்டும். பிள்ளை தூங்கும்போது பெற்றோரைப் புறப்படச் சொல்வது நம் ஊர்களில் பரவலான வழக்கம். கடைக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வந்துவிடுவார் என்று சமாளிப்பதும் உண்டு. அழுகையைப் பார்க்கச் சகியாமல் செய்வது. ஆனால் தூங்கி எழுந்தபோது தந்தை மறைந்துவிட்ட பிள்ளை அதன்பின் தூங்கவே அஞ்சும். சொன்ன சொல்லையும் நம்பாது. சொல்லிவிட்டே போகட்டும். அழுதால் அழட்டும், மடி உங்களுடையதுதானே. நாட்காட்டியில் திரும்பிவரும் மாதத்தைக் காட்டுங்கள். தொலைபேசிக்கு முன் 'அழாமல் பேசு' என்று ஒத்திகை பார்க்காதீர்கள். 'அப்பா வந்ததும் சொல்லிக்கொடுக்கிறேன்' என்று அச்சுறுத்தினால், காணாத தந்தை அடிக்கும் தந்தையாகிவிடுவார். அர்ச்சனைத் தட்டில் நட்சத்திரம் சொல்லும் பேத்தியிடம், அவள் அப்பா சிறுவயதில் இந்தக் கல்தேரில் ஏறி விழுந்த கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொரு பிரிவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பெற்றோர் திரும்பி வந்து பிள்ளையைத் தங்களோடு நகரத்துக்கோ வெளிநாட்டுக்கோ அழைத்துச் செல்லும் நாள். ஊரே மகிழும். அன்று அந்தப் பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒரே தாயை இழக்கிறது. பாட்டியும் இழக்கிறாள், ஆனால் 'பெத்தவகிட்டப் போறது நல்லதுதானே' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். மருமகளோ, வந்தவுடன் பிள்ளை தன்னிடம் ஒட்டவில்லையே என்று மனம் வெதும்புவாள். சில வீடுகளில் மாமியார் கெடுத்து வைத்திருக்கிறாள் என்ற சொல்லும் பிறக்கும். சில மாதங்கள் இருவர் கையிலும் பிள்ளை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தக் கசப்பில் பாதி குறையும். போன பிறகும் பாட்டியோடு பேச்சு அறுந்துவிடக் கூடாது.

பாகவதத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, சூரிய கிரகணத்தன்று நீராடக் குருக்ஷேத்திரத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். துவாரகையிலிருந்து யாதவர்களும், கோகுலத்து ஆயர்களும் வருகிறார்கள். கண்ணனும் பலராமனும் நந்தகோபரையும் யசோதையையும் கண்டு தழுவி வணங்குகிறார்கள். தொண்டை அடைத்துப் பேச்சு எழவில்லை. யசோதை, அரசர்கள் போற்றும் அந்தப் பிள்ளைகளை மடியில் அமர்த்திக்கொள்கிறாள். அதைப் பார்த்து நின்ற தேவகி, ரோகிணியோடு வந்து யசோதையைக் கட்டிக்கொள்கிறாள். இந்தப் பிள்ளைகள் பெற்றவர்களைக் காணாதிருந்த காலத்தில், கண்ணை இமை காப்பதுபோல் நீங்கள்தான் காத்தீர்கள், இந்திரனுடைய செல்வத்தைக் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது என்று அழுதுகொண்டே சொல்கிறாள்.